விளம்பரதாரரும் நேயரும்: இலங்கை வானொலி நம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற பாடம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளிடம் "அடுத்தது என்ன?" என்று கேட்டால் முன்பெல்லாம் மூன்று பதில்தான் வரும். ரீச்சர், டொக்டர், இல்லாவிட்டால் வெளிநாடு. இப்போது நாலாவதாக ஒன்றும் வருகிறது. "சேர், நான் வீடியோ செய்யப் போறன். பார்க்கிற ஆக்கள் கூடினா கம்பனிக்காரர் தேடி வருவினம்." இதைக் கேட்டதும் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. போனைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் பின்னால் திரிவது ஒரு தொழிலா என்று என்னிடம் முறையிடுகிறார்கள்.

இரண்டு பக்கத்தாருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இது புதுத் தொழில் அல்ல. குரலையும் சொல்லையும் முதலாக வைத்து நேயர்களைச் சேர்த்து, அதன்பின் ஒரு சவர்க்காரத்துக்கோ பற்பசைக்கோ வங்கிக்கோ விளம்பரம் செய்து பிழைத்த மனிதர்கள் எழுபது வருடங்களுக்கு முன்பே இந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களில் சிலர் நம் தீவுப்பகுதி மண்ணில் பிறந்தவர்கள். சிலர் நம் சமூகத்தவர்கள். அவர்கள் எப்படி வளர்ந்தார்கள், எதைக் கற்றார்கள், காசு கொடுத்தவனோடு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் நம் பிள்ளைகளோடு கதைப்பது சுலபமாகும்.

முதலில் வானொலி எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1920களின் தொடக்கத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கொழும்புத் தந்தித் திணைக்களத்துக்கு வந்தார். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளை வைத்து அவர் பரிசோதனை ஒலிபரப்புச் செய்தார் என்று சொல்வார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய வானொலி நிலையங்களில் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை இங்கே இருந்தது. படையினருக்காக அவர்கள் அமைத்த சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. சின்னத் தீவு ஒன்றுக்கு, இந்தியா முழுவதும் கேட்கக்கூடிய குரல் அப்படித்தான் கிடைத்தது.

குரல் இருந்தால் மட்டும் போதாதே. பேசத் தெரிந்தவன் வேண்டும். இங்கேதான் நம் தீவகத்துப் பெயர் ஒன்று வருகிறது.

சோ. சிவபாதசுந்தரம் 1912இல் பிறந்தவர். ஊர்காவற்துறைக் கரம்பொன்னைச் சேர்ந்தவர். தனிநாயகம் அடிகளாரின் ஊரும் அதுதான். சுன்னாகத்தில் நா. பொன்னையா நடத்திய 'ஈழகேசரி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்து எழுத்தைக் கற்றார். பிறகு இலங்கை வானொலியில் சேர்ந்தார். போர் முடிந்தபின் இலண்டனுக்குப் போய் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பில் வேலை செய்தார். அந்த ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் இவர்தான். யுத்த காலத்தில் இரவு ஒன்பதேகால் ஆனதும் நம் வீடுகளில் எல்லோரையும் வாய் மூடச் சொல்லிவிட்டுக் கேட்டோமே, அதே தமிழோசை. அந்தப் பெயர் கரம்பொன்காரர் ஒருவர் வைத்தது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் செய்தார். தான் கற்ற தொழிலை மற்றவர்களும் கற்க வேண்டும் என்று 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதினார். 1954இல் அது வெளிவந்தது. வானொலித் தொழில் பற்றித் தமிழில் வந்த முன்னோடி நூல் அது. ஒரு தொழிலில் பெயர் எடுத்தவர்கள் பலர் அதன் நுட்பத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். இவர் அதைப் புத்தகமாக்கி எல்லோர் கையிலும் கொடுத்தார். ஒரு பத்திரிகை, ஒரு வானொலி, ஒரு வெளிநாட்டு நிலையம், பிறகு ஒரு நூல் என்று படிப்படியாகப் போனது அவருடைய பாதை. எந்தப் படியையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை.

இனி விளம்பரத்தின் கதை.

1950இல் இலங்கை வானொலி ஒரு வர்த்தக சேவையைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டொட் அதை வழிநடத்தினார். ஏற்பாடு எளிமையானது. கம்பனி ஒன்று கால் மணியோ அரை மணியோ நேரத்தை விலைக்கு வாங்கும். அந்த நேரத்தில் பாட்டோ நாடகமோ போட்டியோ போகும். இடையிடையே கம்பனியின் பொருளைப் பற்றிச் சொல்வார்கள். 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்ற சொல் நம் காதுக்குப் பழகியது அப்போதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு அதிர்ஷ்டம் இந்தியாவிலிருந்து வந்தது. 1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைக் கொஞ்சம் திருப்பினார்கள். கொழும்பு கேட்டது. ஹிந்திப் பாட்டும் கேட்டது, தமிழ்ப் பாட்டும் கேட்டது. நேயர்கள் எங்கே போனார்களோ, விளம்பரம் கொடுக்கும் கம்பனிகளும் அங்கேயே போயின. இந்தியா தன் தவறை உணர்ந்து 1957இல் 'விவித பாரதி'யைத் தொடங்கியது. அதில் விளம்பரத்துக்கு இடம் கொடுக்க இன்னும் பத்து வருடம் ஆயிற்று. அதற்குள் இலங்கை வானொலி துணைக்கண்டத்தின் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

அந்த நாட்களில் தலையெடுத்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் தமிழர் அல்ல, பம்பாய்க்காரர். ஆனால் அவருடைய குரல் கொழும்பிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. அமீன் சயானி.

1932இல் பிறந்தவர். குஜராத்தியும் ஆங்கிலமும் பழகி வளர்ந்தவர். அகில இந்திய வானொலியில் ஹிந்தி அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் பரிசோதனைக்குப் போனார். உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற வானொலிக் குரலாக விளங்கியவருக்கு முதலில் கிடைத்த பதில் அதுதான்.

அவருடைய மூத்த சகோதரர் ஹமீத் சயானி அப்போதே வானொலித் தொழிலில் இருந்தவர். இலங்கை வானொலிக்கான நிகழ்ச்சிகளைப் பம்பாயிலேயே ஒலிப்பதிவு செய்து நாடாக்களைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அண்ணனோடு ஒட்டிக்கொண்டு போய், மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அமீன் பார்த்தார். 'ஓவல்டின் புல்வாரி' என்ற நிகழ்ச்சியில் விளம்பரத்தை வாசிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதற்குச் சம்பளம் என்ன தெரியுமா? வாரம் ஒரு சின்ன ஓவல்டின் டின். காசு இல்லை. ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கும் உரிமை கிடைத்தது. மூச்சை எங்கே விடுவது, சொல்லை எங்கே அழுத்துவது என்று தெரிந்தவர்களிடம் திருத்தம் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது.

இன்னொரு பள்ளிக்கூடம் அவருடைய வீட்டிலேயே இருந்தது. அவருடைய தாயார் குல்சும் சயானி முதியோர் எழுத்தறிவுக்காகப் பாடுபட்டவர். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக 'ரஹ்பர்' என்றொரு இதழை நடத்தினார். ஒரே எளிய ஹிந்துஸ்தானியைத் தேவநாகரி, உருது, குஜராத்தி என்ற மூன்று எழுத்திலும் அச்சிட்டார்கள். அந்த இதழ் வேலையில் மகன் தாய்க்கு உதவினார். நேற்றுத்தான் எழுத்துக் கூட்டப் பழகிய ஒருவருக்கு விளங்கும்படி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும். அமீன் சயானியின் மொழியில் படித்தவரும் பாமரரும் ஒன்றாக உட்கார முடிந்ததென்றால், அந்தப் பயிற்சி கிடைத்தது அந்த உம்மாவின் மேசையில்தான்.

1952இல் 'சிபா' என்ற சுவிஸ் கம்பனி தன் 'பினாகா' பற்பசைக்காக ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்த விரும்பியது. செலவைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். எழுதுவது, தயாரிப்பது, பேசுவது, வரும் கடிதங்களைப் பார்ப்பது எல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டும். வாரம் இருபத்தைந்து ரூபா. அனுபவசாலிகள் யாரும் முன்வரவில்லை. இருபது வயது நிறையாத அமீன் முன்வந்தார். 1952 டிசம்பர் 3ஆம் திகதி 'பினாகா கீத்மாலா' தொடங்கியது.

ஏழு பாட்டு போடுவார்கள். அவற்றை விருப்ப வரிசைப்படி அடுக்கி நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். சரியாக அடுக்கியவருக்கு நூறு ரூபாப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்தது என்றும், பின்னர் அது வாரம் அறுபத்தையாயிரம் வரை போனது என்றும் அமீன் சயானியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சமாளிக்க முடியாமல் போட்டியை நிறுத்திவிட்டு, பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்தியாவில் தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தப் பாட்டு முதலிடம் என்பதை எப்படித் தீர்மானிப்பது? முதலில் இசைத்தட்டு விற்பனையைப் பார்த்தார்கள். அது மட்டும் போதாது என்று விரைவிலேயே தெரிந்தது. கடையில் தட்டு தீர்ந்துபோனால் விற்பனை நின்றுவிடும். மக்களின் விருப்பம் நின்றுவிடாதே. அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் சங்கங்களின் கருத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பற்பசைக் கம்பனி நேரத்தை வாங்கியது. பாட்டின் இடத்தை அது வாங்கவில்லை. அந்த வேறுபாட்டை நேயர் நம்பினார். அதனால் நிகழ்ச்சி பல தசாப்தங்கள் நின்றது. 1989இல் விவித பாரதிக்கு மாறி 1990களிலும் தொடர்ந்தது. பற்பசையின் பெயர் 'சிபாகா' என்று மாறியபோதுகூட நேயர்கள் மாறவில்லை.

அமீன் சயானி 2024 பெப்ரவரியில், 91ஆவது வயதில் காலமானார். "சகோதரிகளே, சகோதரர்களே" என்ற பொருளில், சகோதரிகளை முதலில் வைத்து அழைத்த அவருடைய வாழ்த்தை இன்றும் வட இந்தியாவில் முதியவர்கள் சொல்லிக் காட்டுவார்கள்.

அவர் மட்டுமல்ல. பிற்காலத்தில் பெரிய நடிகராகவும் இந்திய மத்திய அமைச்சராகவும் வந்த சுனில் தத், இலங்கை வானொலிக்காக லிப்டன் தேயிலைக் கம்பனியின் நிகழ்ச்சியில் நடிகர்களைப் பேட்டி கண்டுதான் தன் தொழிலைத் தொடங்கினார். நம் மலையகத் தேயிலையை விற்ற பெயர், ஒரு இளைஞனுக்குப் பேசவும் கேட்கவும் பழகுவதற்கு இடம் கொடுத்தது.

இனி நம் தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம்.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் முதல் பெரும் பெயர் எடுத்தவர் எஸ். பி. மயில்வாகனன். அவருக்குப் பின் ஒரு பெரிய வரிசையே வந்தது. அதில் நம் தீவகத்துப் பெயர் கே. எஸ். ராஜா. காரைநகரைச் சேர்ந்தவர். வேகமாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்தும் விழாது. தமிழ்நாட்டில் தேநீர்க் கடைகளில் அவர் குரலுக்காகவே பெட்டியைச் சத்தமாக வைப்பார்களாம். விளம்பரத்தைக்கூட ரசித்துக் கேட்க வைத்தவர் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. நாட்டின் கொடுமையான காலம் அவரையும் விடவில்லை. கொழும்பில் அவர் கொலையுண்டார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒரு நிமிடம் நிறுத்துகிறார்கள்.

நம் சமூகத்தின் பெயர் பீ. எச். அப்துல் ஹமீத். கொழும்பு தெமட்டகொடையில் வளர்ந்தவர். 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியில் குரல் கொடுத்த பிள்ளையாக வானொலிக்குள் வந்தார். பிறகு நாடகங்களில் நடித்தார். அதன் பின்தான் அறிவிப்பாளரானார். சிறுவர் நிகழ்ச்சியில் வாசிப்பு, நாடகத்தில் உணர்ச்சி, அறிவிப்பில் கட்டுப்பாடு என்று மூன்று வகுப்புப் படித்து வந்தவர் அவர். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க நான் வகுப்பில் படும் பாட்டை நினைக்கும்போதெல்லாம் அவருடைய உச்சரிப்பு நினைவுக்கு வரும். முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் உச்சரிப்பு வராது என்று யாராவது சொன்னால், அதற்கு வேறு பதில் தேவையில்லை.

அவருடைய 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியில் பிறந்த நிகழ்ச்சி. ஒரு எழுத்தைக் கொடுத்தால் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். பின்னாளில் அது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குப் போனபோது ஒரு நகைக்கடையின் பெயரோடு 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' ஆயிற்று. தமிழ்நாட்டில் வீடு வீடாக அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். நகைக்கடைக்குப் பெயர் கிடைத்தது. நிகழ்ச்சிக்குக் காசு கிடைத்தது. ஆனால் மேடையில் எழுத்துப் பிழைத்தால் பிழை பிழைதான். அதில் நகைக்கடைக்கு வேலையில்லை.

மக்கள் வங்கியின் கதையையும் சொல்ல வேண்டும். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' என்ற வானொலித் தொடர் நாடகம் மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாகத்தான் வந்தது. ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் பாடுகள். அதைக் கேட்டு அழுதவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். நாடகத்துக்கு இடையில் சேமிப்புக் கணக்கைப் பற்றிச் சொன்னார்கள்தான். ஆனால் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் வங்கிப் புகழ் பாடியிருந்தால் யாராவது அழுதிருப்பார்களா?

அதே காலத்து இன்னொரு படைப்பு எஸ். ராமதாஸின் கோமாளிகள். வானொலியில் வெற்றி பெற்று 1976இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் படமாகவும் வந்தது. அதில் முஸ்லிம் மரிக்காராக வந்தவர் ராமதாஸ். ஐயராக வந்தவர் அப்துல் ஹமீத். சிங்களவர் பேசும் தமிழைப் பேசி உபாலியாக வந்தவர் செல்வசேகரன். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக வந்தவர் ராஜகோபால். இந்து முஸ்லிமாகவும் முஸ்லிம் ஐயராகவும் நடித்து நாடே சிரித்தது. ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டவர்களால்தான் அப்படி நடிக்க முடியும். அந்த நாலு பேரின் பேச்சையும் கேட்டு ஒரே வீட்டில் இருந்து சிரித்த காலம் ஒன்று நமக்கு இருந்தது என்பதை, அதற்குப் பின்னால் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1983 வந்தது. 1990 ஒக்டோபர் வந்தது. வடக்கு முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டோம். எங்கள் வீட்டார் போன்ற பலர் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். இங்கே இருந்த தமிழ் மக்கள் மின்சாரம் இல்லாமல், பற்றரிக்குத் தடை இருந்ததால், சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் காத்திருந்து கேட்ட ஒரு விளம்பரம் இருந்தது. மரண அறிவித்தல்.

அதுவும் காசு கட்டிச் செய்யும் அறிவித்தல்தான். ஆனால் யார் மௌத்தானார், யாருடைய மகன், எந்த ஊர், இறுதிக் கிரியை எங்கே என்பதைத் தெளிவாக, ஒரு பெயரும் பிழைக்காமல் வாசிப்பார்கள். சிதறிப்போன ஊர் ஒன்றை அந்தக் குரல்தான் கட்டி வைத்திருந்தது. காசு கொடுத்த ஒருவருடைய செய்தியைச் சொல்வதும் பொதுச்சேவையாக முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று அதுதான். அறிவிப்பாளர் அந்தப் பெயரைத் தவறாக வாசித்திருந்தால், ஒரு தாய் தன் பிள்ளைக்காக வீணாக ஒப்பாரி வைத்திருப்பாள்.

சரி, இந்த வரலாற்றிலிருந்து எதை எடுப்பது?

முதலாவது, எல்லோரும் கற்றார்கள். சிவபாதசுந்தரம் பத்திரிகையில் கற்றார். அமீன் சயானி அண்ணனிடமும் தாயிடமும் கற்றார். அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் கற்றார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு 'நுண் கற்பித்தல்' என்று ஒரு பயிற்சி இருந்தது. ஐந்து பத்து நிமிடம் சக மாணவர்களுக்கு முன்னால் படிப்பிக்க வேண்டும். பிறகு அவர்கள் குறை சொல்வார்கள். திருத்தி மறுபடி படிப்பிக்க வேண்டும். பிள்ளைகளே, உங்கள் வீடியோவை வெளியிடும் முன் உங்களை விடத் தெரிந்த இரண்டு பேருக்குக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள். திருத்துங்கள். காசு தேவையில்லை. வெட்கத்தைக் கொஞ்சம் விட்டால் போதும்.

இரண்டாவது, வரிசை. முதலில் தொழில், பிறகு நேயர், கடைசியில்தான் கம்பனி. ஓவல்டின் டின்னுக்கு வாசித்தவருக்குத்தான் பினாகா வந்தது. முதல் நாளே கம்பனியைத் தேடிப் போகிறவர் கம்பனி சொல்வதையெல்லாம் சொல்ல வேண்டி வரும். அவருக்குப் பின்னால் நிற்க நேயர் யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, எல்லை. கம்பனிக்கு நேரத்தை விற்கலாம். தீர்ப்பை விற்கக்கூடாது. இது எனக்கு வெறும் நியாயப் பேச்சு அல்ல. போன வருடம் நம் பகுதிப் பையன் ஒருவன், நல்ல பையன், வெளிநாட்டு வேலை முகவர் ஒருவருக்காக வீடியோ செய்து கொடுத்தான். அவனுக்கு ஐயாயிரம் ரூபா. அவன் அந்த அலுவலகத்தை நேரில் பார்த்ததுமில்லை, அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டதுமில்லை. "எங்கட பொடியன்தானே சொல்றான்" என்று நம்பி இரண்டு வீட்டார் முற்பணம் கட்டினார்கள். ஒரு வீட்டில் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. முகவரின் போன் இப்போது எடுபடுவதில்லை. பையன் கடைத்தெருவுக்கு வருவதில்லை. அவன் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டார் நம்பியது முகவரை அல்ல, அவனுடைய முகத்தைத்தான். அந்த நம்பிக்கைக்கு ஐயாயிரம் ரூபாய் விலை இல்லை.

மரண அறிவித்தல் வாசித்தவர்கள் ஒரு பெயரைக்கூடச் சரிபார்த்து வாசித்தார்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் விளம்பரத்துக்கு எவ்வளவு சரிபார்க்க வேண்டும்?

அதனால் நம் பிள்ளைகளுக்கு நான்கு கேள்விகளைச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பொருளை நீ கையால் தொட்டுப் பார்த்தாயா? உன் உம்மாவுக்கு இதை வாங்கிக் கொடுப்பாயா? இது காசு வாங்கிச் செய்யும் விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொன்னாயா? குறை ஒன்று இருந்தால் அதைச் சொல்ல அந்தக் கடைக்காரர் விடுவாரா? நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்றால், அந்தக் காசு வேண்டாம் தம்பி. இன்னொன்று வரும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். போனைப் பறிப்பதால் பிரச்சினை தீராது. உங்கள் பிள்ளைக்கு இந்த வேலையில் ஆசை இருந்தால், நல்ல தமிழ் வாசிக்கச் சொல்லுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கதை கேட்கச் சொல்லுங்கள். நெடுந்தீவின் பவளப்பாறைக் கல் வேலிகளைப் பற்றியும், நயினாதீவில் ஒரே கரையில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருப்பது பற்றியும், கடல் கொந்தளித்தால் படகு ஓடாத நாட்களில் நோயாளி ஒருவரை எப்படிக் கரை சேர்ப்பது என்பது பற்றியும் நம்மவர்தான் சரியாகச் சொல்ல முடியும். வெளியிலிருந்து வருபவர்கள் ஒரு நாள் வந்து குதிரையைப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். இங்கே வாழ்வது எப்படி என்று சொல்ல இங்கே வாழ்பவர் வேண்டும்.

நம் ஊர்க் கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பனங்கட்டி, கருவாடு, பாய், படகுச் சேவை என்று நல்ல பொருளும் நல்ல சேவையும் உங்களிடம் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நியாயமான காசைக் கொடுத்து, உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லச் சொல்லாதீர்கள். மக்கள் வங்கி ஒரு நாடகத்துக்கு இடம் விட்டது போல, நீங்களும் அவர்களுடைய கலைக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இந்தப் பாடசாலைத் தவணை விடுமுறையில், விரும்பும் மாணவர்களுக்கு வாசிப்பும் உச்சரிப்பும் பழக்க சனிக்கிழமைகளில் இரண்டு மணிநேரம் ஒதுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். கட்டணம் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். வானொலியில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு நாளாவது வந்து பிள்ளைகளோடு கதையுங்கள். படகுச் செலவும் பகல் சாப்பாடும் என் பொறுப்பு.

உங்கள் வீட்டில் பழைய வானொலிக் காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய வாப்பும்மா, அப்பப்பா, பெரியம்மா யாராவது இருந்தால், அவர்கள் எந்த நிகழ்ச்சியைக் கேட்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு முதல் பாடமாக அதையே வைப்போம்.

வஸ்ஸலாம். எல்லோரும் சுகமாக இருங்கள்.